மூட்டத்தில் எடுத்த தரை

"பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்மா" என்று
புருனேயிலிருந்து குரல் அனுப்பியிருந்தார் ஜெகபர் அலி.
இது மூன்றாம் முறை.
கூத்தாநல்லூரில் அவர் கட்டப்போகும் வீட்டின் கூடம்
என் திரையில் மின்னிக்கொண்டிருந்தது,
ஒருவரும் உட்கார்ந்து எழாத சோபாவும்
ஒருவரும் நடக்காத வெள்ளைப் பளிங்குமாக.

பளிங்கின் நரம்புகளை நான்தான் வரைந்தேன்.
நிறத்துக்கு ஒரு படம்.
மேடு பள்ளத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று.
சொரசொரப்புக்கு ஒன்று, கறுப்பு வெள்ளையில்:
கறுப்பு இருக்கிற இடம் பளபளக்கும்,
வெள்ளை இருக்கிற இடம் மங்கும்.
தப்பு அதில்தான்.
முழுக்கக் கறுப்பாகவே விட்டிருந்தேன்.
தேய்க்க ஆள் வேண்டும் ஒரு தரைக்கு.

வெயிலில் எடுத்த படம் உதவாது.
ஒவ்வொரு கீறலும் தன் நிழலைக் கூட்டிக்கொண்டு வரும்;
பிறகு திரையில் விளக்கை எங்கே வைத்தாலும்
மதியம் இரண்டு மணி, இரண்டு மணி என்றே சொல்லும்.
ஐப்பசி.
மூன்று நாளாய் ஒரே மூட்டம்.
ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு
வடபாதிமங்கலம் பக்கம் போனேன்.

நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்டுக் களம்.
எத்தனை போகத்து மூட்டைகள் இழுபட்டனவோ,
நடுவில் கண்ணாடி,
ஓரத்தில் உப்புத்தாள்.
ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைத்து
கேமராவைத் தரை பார்க்கக் கவிழ்த்தேன்.

உள்ளேயிருந்து ஓடி வந்தார் பட்டியல் எழுத்தர்.
"பேப்பர்லேருந்தா?"
"இல்ல சார். தரைதான் வேணும்."
"தரையா?"
சுற்றும் முற்றும் பார்த்தார்.
"மூட்டைக்கு ஒண்ணும் நாங்க வாங்குறதில்லம்மா,
யாரு சொன்னது உங்ககிட்ட?"
நான் கேட்கவேயில்லை.
சுமைதூக்குகிறவர்கள் தார்ப்பாய்க்குப் பின்னால் சிரித்தார்கள்.
நாணயத்தைக் குனிந்து எடுத்ததும்
அதையும் ஒரு மாதிரிப் பார்த்தார்.

குவியலருகே ஒருத்தி
ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாள்.
"பத்தொன்பது காட்டுதாம் ஈரம்.
ஒரு பொழுது வெயிலடிச்சாப் போதும்."
மேலே பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
இன்னும் அரை மணி நேரம் மூட்டம் கலையக் கூடாது என்று
வரும் வழியெல்லாம் துஆ கேட்டதை
அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கீறல்களைப் பிரித்தெடுத்து
பளிங்கின் மினுமினுப்புக்குள் மெல்ல இறக்கினேன்,
நூற்றுக்குப் பதினைந்து.
அதற்கு மேல் போனால் கல் கிழடாகிவிடும்.
கூடத்துக்கு ஒரு நடைபாதை வந்தது,
வாசலிலிருந்து சோபா வரை,
யாரோ தினமும் நடப்பது போல.

அப்போதுதான் பார்த்தேன்,
ஒரு நெல்மணி.
படத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.
நான்கடிக்கு ஒருமுறை அதே மணி, அதே சாய்வு,
கூடம் முழுக்க இருபத்திரண்டு.
எதுவுமே இரண்டு முறை வரக் கூடாது இந்த வேலையில்,
கண் பிடித்துவிடும்.
ஒவ்வொன்றாக அழித்தேன்.
இருபத்தொன்று வரை அழித்தேன்.
ஜன்னல் திரைச்சீலை தரையைத் தொடும் இடத்தில்
கடைசி மணி.
கை போகவில்லை.

பிறகு சூரியனை மேற்கே வைத்தேன்.
எண்ணைக் கூட்டக் கூட்ட வெயில் கூடியது.
ஜன்னல் கம்பிகளைத் தாண்டி,
கீறல்களின் மேல் உடைந்து,
அந்த ஒற்றை நெல்லை நன்றாகச் சுட்டது.
எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம்,
யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.
வெளியே, கீழ்க்கடையின் தகரக் கூரையில்
தூறல் விழத் தொடங்கியிருந்தது.
ரெண்டர் ஓடட்டும் என்று விட்டுவிட்டுக்
கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
வலுத்தது.

சுபுஹுக்குப் பிறகு ஜெகபர் அலியின் குரல்:
"மஹ்மூதா, இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு.
என்னா செஞ்சேன்னு தெரியல.
இது எந்தக் கம்பெனி கல்லு?
நம்பர் அனுப்பு, மேஸ்திரி கேக்குறாரு."

வடபாதிமங்கலம் என்று அடித்தேன்.
அழித்தேன்.
விசாரித்துச் சொல்கிறேன் காக்கா என்று போட்டுவிட்டு
ஜன்னலைத் திறந்தேன்.
இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது.